ஒருபக்கத் தாளும் இருபக்க அச்சும்: ஒரு லேசர் பிரிண்டர் பழுதின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம். பதினைந்து ஆண்டுகளாக இங்குள்ள அலுவலகங்களில் லேசர் பிரிண்டர்களைப் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் எனக்கு வரும் அழைப்புகளின் தன்மை மாறிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் கவனித்து வருகிறேன். கோடையில் டோனர் தீர்ந்தது, கேபிள் கழன்றது என்று அழைப்பவர்கள், மழை தொடங்கியதும் தாள் சிக்குகிறது, தாள் சுருள்கிறது, எழுத்து வெளிறிப் போகிறது என்று அழைக்கத் தொடங்குவார்கள். அவ்வாறு கடந்த ஆடி மாதத்தில் வந்த ஓர் அழைப்பைப் பற்றியதே இந்த ஆய்வு. பழுது சிறியதுதான், ஆனால் அதன் காரணம், பல அலுவலகங்களில் நல்லெண்ணத்துடன் கடைப்பிடிக்கப்படும் ஒரு வழக்கத்தில் இருந்தது. ஆகவேதான் இதை முழுமையாக எழுதி வைப்பது பயன்படும் என்று கருதினேன்.

மார்த்தாண்டம் பகுதியில் ஐந்து பேர் பணிபுரியும் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம் அது. வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கைகள், ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகள், ஜிஎஸ்டி தொடர்பான பதில் கடிதங்கள் எனத் தாள் செலவு மிகுந்த வேலை. மாதத்துக்கு ஆறு ரீம், அதாவது 3000 தாள்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு திட்ட அறிக்கை இறுதி வடிவம் பெறும் முன் மூன்று நான்கு முறையாவது நகலெடுத்துத் திருத்தப்படும் என்பதால், ஒருபக்கம் மட்டும் அச்சான வீண்தாள்கள் நாள்தோறும் குவிந்தன. அவற்றை முந்திரிப் பருப்பு வந்த ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் ஒரு கற்றையை எடுத்துத் தட்டிச் சீராக்கி, வெள்ளைப் பக்கம் அச்சாகும்படி ட்ரேயில் வைப்பது அங்கே மூத்த பணியாளராக இருக்கும் அக்காவின் வழக்கம்.

அழைப்பில் மூன்று குறைகள் சொல்லப்பட்டன. பிரிண்டரின் மேல் வாயிலிருந்து புகை வருகிறது. தாள் வெளியே வரும் இடத்தில் விசிறிபோல் மடங்கிச் சிக்கிக்கொள்கிறது. அச்சாகி வரும் தாள்களில் ஒரே சீரான இடைவெளியில் கரும்புள்ளி விழுகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அருகிலிருந்த ஜன்னல் வழியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உறை பிரித்த ரீம் ஒன்று ஜன்னல் திண்டிலேயே கிடந்தது.

முதலில் புள்ளியை ஆராய்ந்தேன். பிரிண்டரில் ஒரே குறை திரும்பத் திரும்ப விழுமானால், இரண்டு குறைகளுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்தாலே எந்த உருளை பழுதுபட்டது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஏனெனில் ஒவ்வோர் உருளையின் சுற்றளவும் வேறு. ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை 75 மில்லிமீட்டர். அந்த இயந்திரத்தின் டிரம், அதாவது டோனர் தூளை ஏற்றுத் தாளுக்குக் கொடுக்கும் உருளை, 24 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் சுற்றளவு 75 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, டிரம்மின் மூடியை விரலால் தள்ளி, வெளிச்சம் நேரடியாகப் படாதவாறு சாய்த்துப் பார்த்தபோது, பளபளப்பான அந்தப் பரப்பின் இடது ஓரத்தில் நகக்குறி அளவில் ஒரு கீறல் தெரிந்தது.

அடுத்து ஃப்யூசரைக் கழற்றினேன். தாளின் மேல் விழுந்த டோனர் தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி அது. மேலே சூடேறும் மெல்லிய உறையும், கீழே ரப்பர் பூசிய பிரஷர் ரோலரும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில்தான் தாள் அழுந்திச் செல்லும். அந்த உறையை எங்கள் தொழிலில் டெஃப்லான் என்றே சொல்வோம். அது இடது ஓரத்தில் அரை அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்துக்கு நேர்க்கீழே, தட்டின் அடியில், வளைந்த ஒரு ஸ்டேப்ளர் பின்னின் பாதி கிடந்தது. டிரம்மைக் கீறியதும் உறையைக் கிழித்ததும் அதுவே. தலைப்பின் இடது மூலையில் பின் அடித்த நகலைப் பிரித்துத் திருப்பி ட்ரேயில் வைக்கும்போது, அந்த மூலை எந்தப் பக்கம் வருமோ அதே பக்கத்தில்தான் இரண்டு காயங்களும் இருந்தன. நகலைப் பிரித்தவர் பின்னை எடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார். அது முறிந்து பாதி தாளிலேயே தங்கியது அவர் கண்ணில் படவில்லை.

தாளை இழுக்கும் பிக்கப் ரோலரைத் தொட்டால் ரப்பரின் பிடிப்பே இல்லை. மாவு தடவியதுபோல் வெண்தூசு படிந்து வழுவழுத்தது. பிரஷர் ரோலரில் கரிய திட்டுகள். இவற்றுக்குப் பின் ஒருவரைக் காரணம் காட்ட நான் விரும்பவில்லை. அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒருபக்கம் வெள்ளையாட்டு இருக்கிய பேப்பரைக் களையதுக்கு மனசு வரல்ல தம்பி." அந்த மனம் மதிக்கத்தக்கது; தாளைப் பற்றிய அக்கறை உள்ள ஒருவரே அப்படிச் சொல்வார். ஆனால் அந்த அக்கறை தவறான இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

ஒருமுறை சூடு கண்ட தாள்

லேசர் பிரிண்டரின் அடிப்படைத் தொழில்நுட்பம் செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செய்து காட்டிய சோதனையிலிருந்து வருகிறது. நாம் அன்றாடம் சொல்லும் ஜெராக்ஸ் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு உலர்ந்தது என்று பொருள். மையும் ஈரமும் இன்றி, நிலைமின்னூட்டத்தால் தூளை ஈர்த்து எழுதும் முறை என்பதால் அந்தப் பெயர் வந்தது. இது வெறும் பெயர் விளக்கம் அல்ல. டிரம்மில் படிந்த தூள் தாளுக்குத் தாவ வேண்டுமானால் தாளின் பின்புறம் மின்னூட்டம் நிலைத்து நிற்க வேண்டும். தாள் ஈரமாக இருந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும், தூள் முழுமையாகத் தாவாது, எழுத்து திட்டுத்திட்டாக வெளிறும். குமரி மாவட்டத்தின் ஆடி மாதக் காற்றில் இந்த இயந்திரம் திணறுவதற்கு முதல் காரணம் இதுவே.

ஆலையில் உறையிடப்படும்போது தாளில் ஏறக்குறைய 5 விழுக்காடு ஈரம் இருக்கும். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) கனமுள்ள ஓர் ஏ4 தாளின் எடை 4.7 கிராம், ஆகவே நன்றாக இருக்கும் தாளிலும் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீர் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும் நாட்களில் திறந்து கிடக்கும் தாளில் இது ஏறத்தாழ இருமடங்காகிவிடும். 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஃப்யூசருக்குள் அந்தத் தாள் நுழையும்போது நீர் ஆவியாகி மேலே எழுகிறது. அலுவலகத்தில் புகை என்று பயந்தது இந்த நீராவியைத்தான். கருகிய மணம் இல்லாமல், வெண்மையாக எழுந்து உடனே மறைந்தால் அது ஆவி. மணம் வந்தால் மட்டும் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அழைக்க வேண்டும்.

இனி, ஒருபக்கத் தாளின் நிலையைப் பார்ப்போம். அது முதல் முறை ஃப்யூசரைக் கடந்தபோது ஈரத்தை இழந்து ஒரு பக்கமாக வளைந்தது. பின்னர் பெட்டியில் கிடந்த நாட்களில் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் எழுத்துள்ள இடத்தில் டோனர் என்னும் பிளாஸ்டிக் படலம் இருப்பதாலும், குவியலின் ஓரங்கள் மட்டுமே காற்றுபடக் கிடந்ததாலும், அந்த ஈரம் சீராக ஏறவில்லை. ஓரம் அலைபோல நெளிய, நடுவே விறைப்பாக நிற்க, மூலையில் பின் குத்திய துளை மேடிட்டிருக்க, யாரோ ஒருவர் மடித்த கோடும் சேர, அத்தகைய தாளை ஒரு நொடியில் இழுத்துத் தன் வழியே செலுத்தவேண்டிய கட்டாயம் இயந்திரத்துக்கு. புதுத் தாள்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால்தான் ரோலரால் ஒற்றைத் தாளைப் பிரித்தெடுக்க முடிகிறது. பெட்டியிலிருந்து எடுத்த கற்றையிலோ 70 ஜிஎஸ்எம் தாளும் 80 ஜிஎஸ்எம் தாளும், ஒரு வாரத் தாளும் ஒரு மாதத் தாளும் கலந்திருந்தன.

டோனர் மறுபடி உருகி ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தைப் பலர் முதலில் சொல்வார்கள். அதில் பாதி உண்மைதான். இரண்டாம் முறை செல்லும்போது பழைய எழுத்துகள் கீழேயுள்ள பிரஷர் ரோலரைத் தொட்டுக்கொண்டு செல்கின்றன. அவை சற்று இளகவும் செய்யும். நன்கு ஒட்டிய டோனரால் இதில் பெரிய கேடு இல்லை. மலிவான ரீபில் தூளால் அடித்த தாள், வேறு இயந்திரத்தில் அரைகுறையாக ஒட்டிய தாள், கறுப்புக் கட்டங்கள் நிறைந்த தாள் ஆகியவைதான் ரோலரில் கரியை விட்டுச் செல்கின்றன. எழுத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தால் கறை படிகிறதா என்று பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை. அந்த அலுவலகப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்த முதல் தாளே என் விரலைக் கறுப்பாக்கியது. பக்கத்து அறையிலுள்ள பழைய பிரிண்டரில் அடித்த தாள் அது.

இவற்றைவிடக் கேடானவையும் அந்தப் பெட்டியில் இருந்தன: வெள்ளை மை பூசித் திருத்திய தாள்கள், ரப்பர் முத்திரை இன்னும் காயாத கடிதங்கள், பில் ஒட்டிய தாள்கள், இங்க்ஜெட்டில் அடித்த வண்ணப் படங்கள், செலோடேப் துண்டுகள். பசையும் வெள்ளை மையும் சூட்டில் இளகி உறையில் ஒட்டினால் துடைத்தெடுக்க வழியில்லை. வெப்பத்தாளில் அடித்த பில் ஃப்யூசருக்குள் போனால் முழுதும் கறுத்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உறையும் டிரம்மும் மாற்றி, ரோலரைத் துடைத்து, இயந்திரத்தை ஓடவிட்ட செலவு, அந்த அலுவலகம் பழைய தாளைத் திரும்ப ஓட்டி ஒரு பருவத்தில் மிச்சப்படுத்திய தொகையைவிட அதிகம். கணக்குப் பார்த்தவர் தணிக்கையாளரே. நான் பட்டியலைத்தான் கொடுத்தேன்.

பின்பக்கத்தில் இருந்த வேறொருவர்

அந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட தணிக்கையாளர், அதற்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றையும் சொன்னார். ரப்பர் வியாபாரி ஒருவருக்குத் திருத்திப் பார்ப்பதற்காகக் கொடுத்தனுப்பிய நகல் மறுநாளே திரும்பி வந்ததாம். "சாரே, இதுக்க பொறத்தால வேற ஆளுக்க கணக்கு கெடக்கு" என்று சொல்லி அவர் நீட்டிய தாளின் பின்பக்கத்தில், அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆண்டிறுதி இருப்புத் தொகையும் தெளிவாக இருந்தன. அவர் நேர்மையானவர்; வேறு யாரிடமும் காட்டாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

எனக்கு இயந்திரப் பழுதைவிட இதுவே பெரிய பழுதாகத் தோன்றியது. பிரிண்டருக்கு வெள்ளைப் பக்கம் எதுவென்று மட்டும்தான் தெரியும்; மறுபக்கத்தில் யாருடைய வாழ்க்கை அச்சாகியிருக்கிறது என்று தெரியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்ட பிறகும், கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் அலுவலகங்கள் அதே விவரத்தைத் தாளில் அடித்துத் திறந்த பெட்டியில் போடுகின்றன. அந்தப் பெட்டியில் ஆதார் நகல்கள்கூட இருந்தன. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கும் வசதி இருந்தும் முழு எண்ணோடு அடித்தவை அவை. எடைக்குப் போட்ட தாள் மிட்டாய்க் கடைக்கும் கடலைப் பொட்டலத்துக்கும் போவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்த மை உணவில் படுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அதில் உள்ள எண்கள் கைமாறுவதைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த வழி

வருத்தத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. பழுதான அந்தப் பிரிண்டர் தானாகவே இருபக்கமும் அச்சிடக்கூடியது. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த வசதி ஒருநாளும் பயன்படுத்தப்படவில்லை. ஐந்து கணினிகளிலும் அமைப்பு ஒருபக்கம் என்றே இருந்தது. அதை மாற்றலாம் என்று நிறுவியவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

டூப்ளெக்ஸ் எனப்படும் இந்த இருபக்க அச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கிருந்த ஐவருக்கும் பின்கதவைத் திறந்து காட்டினேன். முதல் பக்கம் அச்சான தாள் மேல் வாயில் பாதியளவு எட்டிப் பார்த்து நிற்கிறது. வெளியேற்றும் ரோலர் அந்தக் கணம் எதிர்த்திசையில் சுழன்று தாளை உள்ளே இழுக்கிறது. தாள் பின்புறமாக இறங்கி, அடிவழியே சென்று, புரண்டு மீண்டும் டிரம்மின் அடிக்கு வருகிறது. ஒரே தாள், ஒரே டோனர், சில நொடிகளுக்குள் இரண்டாம் சூடு. காற்றிலிருந்து ஈரம் ஏற நேரமில்லை, பின் அடிக்க நேரமில்லை, வேறு தாள் கலக்க வாய்ப்பில்லை. பெட்டியிலிருந்து வரும் ஒருபக்கத் தாளுக்கும் டூப்ளெக்ஸில் புரளும் தாளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது. இரண்டுமே தாளின் மறுபக்கத்தில் அச்சிடுவதுதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இது.

இருபக்கம் என்றதும் வந்த தயக்கம் மரியாதை பற்றியது. இருபக்கமும் அடித்துக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்றார் தணிக்கையாளர். இந்திய உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் 1 முதல் தன்னிடம் தாக்கல் செய்யப்படும் மனுக்களுக்கு 75 ஜிஎஸ்எம்-க்குக் குறையாத ஏ4 தாளில் இருபக்கமும் அச்சிடும் முறையைக் கொண்டுவந்திருப்பதை எடுத்துச் சொன்னேன். அந்தக் கனத்தைக் குறிப்பிட்டிருப்பதிலும் பொருள் உண்டு; 70 ஜிஎஸ்எம் தாளில் அடர்த்தியான அட்டவணையை அடித்தால் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரிந்து படிப்பவரின் கண்ணை உறுத்தும். அவர்கள் 70-ஐ வாங்கிக்கொண்டிருந்தார்கள். 75-க்கு மாறச் சொன்னேன். தாள் எண்ணிக்கை குறைவதால் விலை வேறுபாடு தானாகவே ஈடாகிவிடும்.

அமைப்பை மாற்றிய அன்றே ஒரு குழப்பமும் வந்தது. கடிதங்கள் சரியாக வந்தன. அகலவாட்டில் அடித்த இருப்புநிலைக் குறிப்பின் பின்பக்கம் மட்டும் தலைகீழாக வந்தது. கடிதம்போல் நெட்டுவாட்டில் இருப்பதை நீள விளிம்பில் புரட்ட வேண்டும். அகலவாட்டில் அடித்து இடப்புறம் கட்டுவதைக் குறுகிய விளிம்பில் புரட்ட வேண்டும். இந்த ஒரு தெரிவைப் புரியவைக்க, தாளைக் கையில் வைத்து இரண்டு விதமாகவும் புரட்டிக் காட்டுவதே எளிது. திருத்தத்துக்கான நகல்களுக்கு ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களைச் சுருக்கி, அதையும் இருபக்கமாக அடிக்கும் அமைப்பைத் தனியே சேமித்து வைத்தேன்; எட்டுப் பக்க வரைவு இரண்டு தாளில் முடிந்துவிடுகிறது. எண்களைச் சரிபார்க்கும் வயதானவர்களுக்கு மட்டும் அந்த எழுத்து சிறியதாக இருக்கும். அவர்களுக்கு முழு அளவிலேயே அடிக்கச் சொன்னேன்.

டூப்ளெக்ஸ் வசதி இல்லாத பழைய பிரிண்டரிலும் இருபக்கம் அடிக்கலாம். ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, கற்றையை விசிறிவிட்டுச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை அடிக்க வேண்டும். தாளின் மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் அச்சாகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் குறிப்பை ட்ரேயின் மேலேயே ஒட்டிவைத்தேன். இருபது தாளுக்கு மேல் ஒரே கற்றையாக இப்படிச் செய்யக் கூடாது. நடுவில் இரண்டு தாள் சேர்ந்து போய்விட்டால் அதன் பிறகு வரும் அனைத்தும் பாழாகும்.

பெட்டியில் மீந்த ஒருபக்கத் தாள்களை என்ன செய்வது என்பதில்தான் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. எந்தத் தாளையும் திரும்ப ட்ரேயில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின் படாத, மடியாத, பசையில்லாத, ஒரே பிரிண்டரில் அன்றன்று அடித்த, யாருடைய விவரமும் இல்லாத தாளைப் பழைய பிரிண்டரில் ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்து உள்பயன்பாட்டுக்கு அடித்துக்கொள்ளலாம். இத்தனை நிபந்தனைக்கும் உட்பட்டுத் தேறியது பெட்டியில் ஒரு விரற்கடை உயரம்கூட இல்லை. பெயரும் எண்ணும் இல்லாத மற்றத் தாள்கள் பைண்டிங் கடையில் நான்காக வெட்டிப் பசையிட்ட குறிப்பேடுகளாயின. பேனாவுக்குச் சுருளும் ஈரமும் ஒரு பொருட்டல்ல. விவரம் உள்ளவை நறுக்கும் இயந்திரத்தில் போய்த் துண்டுகளாகவே பழைய தாள் வாங்குபவரிடம் சென்றன.

ஜன்னல் திண்டில் கிடந்த ரீம் இரும்பு அலமாரிக்கு இடம் மாறியது. மழைநாளில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் ட்ரேயில் வைத்து, மீதியை உறையோடு மடித்து மூட வேண்டும் என்ற பழக்கத்தை இளையவர் ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த ஐப்பசியில் மீண்டும் சென்று பார்த்தேன். தாள் செலவு மாதம் நான்கு ரீமாகக் குறைந்திருந்தது. பாதியாகக் குறையாததற்குக் காரணங்கள் தெளிவானவை: ஒற்றைப் பக்கக் கடிதங்களுக்கு மறுபக்கம் என்று ஒன்று இல்லை, வங்கிகள் சில ஆவணங்களை ஒருபக்க அச்சில்தான் கேட்கின்றன, முத்திரைத்தாள் டூப்ளெக்ஸுக்குள் போகக் கூடாது. 75 ஜிஎஸ்எம் கணக்கில் ஒரு ரீமின் எடை 2.3 கிலோ, மாதத்துக்கு நான்கரைக் கிலோவுக்கு மேல் தாள் வாங்கப்படாமலே மிஞ்சுகிறது. ஃப்யூசரைத் திறந்தபோது பிரஷர் ரோலர் சுத்தமாக இருந்தது. பிக்கப் ரோலரில் சிறிது தூசு இருந்ததால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன். முந்திரி அட்டைப்பெட்டி இன்னும் மேசைக்கடியில்தான் இருக்கிறது. அதன் மூடியில் அக்கா தன் கையெழுத்தில் "பின் எடுத்தாச்சா, பேர் உண்டா" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.